பூட்டு உடையவில்லை

தலைவர் அழகிரி சாய்வு நாற்காலியில் இருந்தார். அவர் வீடு, அவர் நாற்காலி.

கணக்கு வாத்தியார் இருதயநாதன் ஜன்னலோரம் ஸ்டூலில். பொருளைப் பறிகொடுத்த வெள்ளைச்சாமி மின்விசிறிக்கு நேர் கீழே. நஷ்டப்பட்டவருக்குக் காற்று வேண்டுமென்று மற்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டிருந்தார்கள்.

காலனிச் சங்கத்தின் காரியதரிசியான நான் பாயில், மடியில் எழுதுபலகையோடு.

நாங்கள் உட்கார்ந்த பிறகு வந்த பொன்னுத்தாய் வாசற்படிக்கு வெளியே நின்றாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கூட்டம் போட்டதே அவளைப் பற்றித்தான்.

போன சனிக்கிழமை பட்டப்பகலில் வெள்ளைச்சாமி வீட்டிலிருந்து வெள்ளிக் கூஜாவும் இரண்டு பட்டுப்புடவையும் போய்விட்டன. அவர் பெரிய கடைவீதியில் தம் ஜவுளிக்கடையில் இருந்தார். சம்சாரம் ஸ்ரீரங்கத்துக்குப் பெருமாளைக் கும்பிடப் போயிருந்தார். வேலைக்காரி பொன்னுத்தாய் பாத்திரம் தேய்த்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

எங்கள் காலனியில் இது முதல் திருட்டு அல்ல. முன்னால் நடந்தவற்றுக்கு ஆள் கிடைக்கவில்லை. அதற்காக யாரும் வெட்கப்பட்டதாகவும் தெரியவில்லை. இந்த முறை ஆள் வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள்.

வாத்தியார் எழுந்து நின்றுகொண்டார். கரும்பலகை ஒன்றுதான் குறை.

பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. சாவி இரண்டு. ஒன்று வெள்ளைச்சாமி சம்சாரத்தின் இடுப்பில், ஸ்ரீரங்கத்தில். இன்னொன்று பொன்னுத்தாயிடம். ஒன்றைக் கழித்தால் மிச்சம் யார் என்று எங்களையே கேட்டார்.

அழகிரி பரீட்சை பாஸானவர் மாதிரி தலையை ஆட்டினார்.

பொன்னுத்தாய் எடமலைப்பட்டி புதூரிலிருந்து நடந்து வருகிறவள். காலனியில் நாலு வீட்டு வேலை அவளுக்கு. அதில்தான் அடுப்பு எரிகிறது. போலீஸ் ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டு போன பெண்ணை அப்புறம் எந்த வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள். குற்றம் நிரூபணமாகிறதா என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். இது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"சாவி வேணாம்னு அன்னைக்கே சொன்னேங்க. அம்மாதான் கையில திணிச்சாங்க. என் வீட்ட வந்து பாத்துக்குங்க. அடுப்புச் சாம்பலக்கூட கிளறிப் பாருங்க."

திருடினவள் வீட்டிலா வைத்திருப்பாள், அன்றைக்கே விற்றிருப்பாள் என்றார் வெள்ளைச்சாமி. பொருள் அவள் வீட்டில் கிடைத்தால் குற்றம். கிடைக்காவிட்டால் அதைவிடப் பெரிய குற்றம்.

நான் ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன்.

"செல்லக்கண்ணு, உங்கள எழுதக் கூப்பிட்டமா, பேசக் கூப்பிட்டமா?" என்றார் அழகிரி.

உப்பிலியபுரத்தில் எட்டாவதோடு நின்றவர்களுக்குத் தர்க்கம் ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்று வாத்தியார் சேர்த்துக்கொண்டார். மூவரும் சிரித்தார்கள்.

சரி என்று பேனாவைத் திறந்தேன்.

புகார் ஆதியோடந்தமாக இருக்க வேண்டும், கூட்டத்தில் நடந்தது ஒன்று விடாமல் வர வேண்டும், இன்ஸ்பெக்டர் திருப்பி ஒரு கேள்வி கேட்கக் கூடாது என்பது தலைவர் உத்தரவு. அப்படியே எழுதினேன். எட்டாவது வரைக்கும் படித்ததில் எனக்கு ஒழுங்காக வந்தது அது ஒன்றுதான்.

முடித்ததும், படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். கேட்பது காரியதரிசியின் கடமை.

கொண்டாங்க, நீங்கள் படித்து முடிப்பதற்குள் இவள் கூஜாவை உருக்கிவிடுவாள் என்றார் வெள்ளைச்சாமி.

கையெழுத்துப் போட்டார்கள். அழகிரி பதவியோடு. வாத்தியார் பட்டத்தோடு. வெள்ளைச்சாமி காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி.

பொன்னுத்தாய் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களுமாங்க?" என்றாள்.

காகிதத்தை மடித்தேன். பதில் சொல்லியிருந்தால் அதைப் பிடுங்கிப் படித்திருப்பார்கள்.

அதன் முதல் பத்தி இது:

'குறித்த நேரத்தில் கூட்டம் துவங்க இயலவில்லை. தலைவர் தம் வீட்டுச் சாவியை ஆபீசிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தபடியால் எல்லோரும் வாசலில் நிற்க நேர்ந்தது. அப்போது திரு. இருதயநாதன் அவர்கள் தமது வீட்டுச் சாவியை விளையாட்டாகப் போட்டுத் திருப்ப, தலைவர் வீட்டுக் கதவு திறந்துகொண்டது. பிறகு கதவைப் பூட்டி என் வீட்டுச் சாவியைப் போட்டுப் பார்த்தோம், அதற்கும் திறந்தது. காலனி வீடுகள் அனைத்துக்கும் காண்டிராக்டர் ஒரே மாதிரிப் பூட்டு வாங்கிப் பொருத்தியிருக்கிறார். இதல்லவா காலனி ஒற்றுமை என்று திரு. வெள்ளைச்சாமி அவர்கள் சொல்ல, அனைவரும் சிரித்தோம். அதன்பின் உள்ளே சென்று அமர்ந்து, திரு. வெள்ளைச்சாமி அவர்கள் வீட்டைத் திறக்கக்கூடிய சாவி அன்று பொன்னுத்தாய் ஒருத்தியிடம் மட்டுமே இருந்தது என்று ஏகமனதாக முடிவு செய்தோம்.'

உறையில் போட்டுப் பசை தடவி, மடிப்பை நகத்தால் நன்றாகத் தேய்த்துக் கொடுத்தேன்.

வெள்ளைச்சாமி அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கு அவரே சைக்கிளை மிதித்தார்.