குடித்துப் பார்க்க ஓர் ஆள்

"அடுப்புல பால் பொங்கி வழியுது. நீ அங்க என்னத்தைக் காய்ச்சிக்கிட்டிருக்கே?"

புருஷன் போட்ட சத்தத்தில் அவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அதே வேகத்தில் திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"ரசவாதம்ங்க. இலை, வேரெல்லாம் கலந்து மருந்து பண்ற வித்தை. இருபத்தொன்பதாவது படிக்கு வந்துட்டேன்."

"நீ போடுற டீயே தொண்டையில இறங்க மாட்டேங்குது. இதுல ஊருக்கெல்லாம் மருந்தாக்கும்!"

முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நாளாகச் சாயங்காலம் ஆனால் அவருக்குக் காற்று வாங்கியாக வேண்டும்.

போகட்டும். அவளுக்கு இருந்த கவலை வேறு.

மகள் வெளியூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். அப்பா தன் அச்சகத்தில் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலையை எட்டாம் நாளே உதறிவிட்டுப் போனவள். "என் மானத்தை வாங்கிட்டா" என்று அவர் மகளிடம் பேச்சை நிறுத்தி ஒன்றரை வருஷமாகிறது. அம்மா போன் போட்டால் ரெண்டாவது நிமிஷம் அப்பா பேச்சு வரும், மூணாவது நிமிஷம் அழுகை வரும். இந்த ஆன்லைன் விளையாட்டில் அந்த வம்பு இல்லை. தினமும் ஒரு மணி நேரம் மகளோடு காட்டில் இலை பறிக்கலாம்.

அதற்கும் வந்தது ஆபத்து. 'கஷாயக்காரி இன்னிக்குள்ள முப்பதாவது படி ஏறலைன்னா குழுவுல இடமில்ல' என்று குழுத் தலைவன் எழுதிவிட்டான். கஷாயக்காரி, விளையாட்டில் அவளுக்கு மகள் வைத்த பெயர்.

அந்தப் படி ஏற ஒரே வழி, அவள் காய்ச்சியதை வேறொருத்தர் குடித்துப் பிழைக்க வேண்டும். முதலில் குடித்த மூன்று பேரும் பொத்தென்று விழுந்து செத்தார்கள். அதற்கப்புறம் அவள் புட்டியோடு வந்தாலே குழு மொத்தமும் மரத்தில் ஏறிக்கொண்டது.

ஓடாத ஆள் ஒருத்தர்தான். பத்து நாளைக்கு முன் புதிதாக வந்து சேர்ந்த 'துருப்பிடிச்ச வாள்'. குடிப்பார், சாவார், ஊர்க் கோடிக் கிணற்றடியில் எழுந்து லொங்கு லொங்கென்று நடந்து வந்து, "அடுத்தது?" என்று எழுதுவார்.

"அண்ணா, இதுல கொஞ்சம் காளான் கூடிப்போச்சு" என்று தட்டினாள்.

"பரவாயில்ல, கொடுங்க."

செத்தார்.

"ஐயையோ, மன்னிச்சுக்குங்கண்ணா! கூடப் பிறந்தவங்ககூட எனக்காக இப்படிச் சாக மாட்டாங்க."

"அதெல்லாம் எதுக்கு? அடுத்தது?"

மகள் குறுக்கே எழுதினாள். "அம்மா, மாமாவைக் கொஞ்சம் மூச்சு விட விடேன்! பாவம், ரொம்ப நல்லவர்மா. சாப்பிட்டியான்னு தினம் கேக்குறார். கிரேன்ல ஏறும்போது பெல்ட் போட்டியான்னு கேக்குறார்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். "பாத்தியா, யாரோ எவரோ! உங்கப்பா ஒரு நாள் கேட்டிருப்பாரா? கல்லு!"

துருப்பிடிச்ச வாள் பக்கத்து மரத்தை ரெண்டு வெட்டு வெட்டினார். அப்புறம், "அடுத்தது?" என்றார்.

மிச்சமிருந்த இலைக்கு ஒரே ஒரு புட்டிதான் தேறியது. சாமியை வேண்டிக்கொண்டு கொடுத்தாள். குடித்தார். ஆடினார். ஒரு பக்கமாகச் சாய்ந்தார். ஆனால் விழவில்லை!

திரை முழுக்கப் பொன்னெழுத்து: ரசவாதம், முப்பதாவது படி.

"அண்ணா, நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்! ஒரு நாள் கண்டிப்பா வீட்டுக்கு வாங்க. என் கையால டீ போட்டுத் தர்றேன்."

"ஆமா மாமா, நானும் லீவு போட்டுட்டு வந்துடறேன்!" என்றாள் மகள்.

பால்கனிக் கதவு படாரென்று திறந்தது. புருஷன் கையில் போனோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

"எழுபத்திரண்டு தடவை செத்ததுகூடப் பெரிசில்லடி. கட்டின பொண்டாட்டி அண்ணாங்குறா, பெத்த பொண்ணு மாமாங்குறா... அதைத்தான் என்னால தாங்க முடியல!"