எலி கடித்த ஹோஸ்

ஸ்கேனர் திரையில் 'ஓவர்பூஸ்ட்' என்று வந்ததுமே ஷஹ்பாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான்தான் சொன்னேன்ல. நான் ஏத்துன பூஸ்ட்தான்."

தமிழரசன் பானெட்டுக்குள் குனிந்தான்.

குடவாசலில் டர்போ கார் என்றால் தமிழரசன் பட்டறைதான். அதிலும் இந்தச் சிவப்புக் கார் அவனுக்குச் செல்லப்பிள்ளை. துபாய்ச் சம்பளத்தில் வாங்கிய கையோடு ஷஹ்பாஸ் அதைக் கோயம்புத்தூருக்கு ஓட்டிப்போய், வேகம் கூட்ட, டர்போவின் காற்றழுத்தமான பூஸ்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தான். 'ரோடு பூரா நெல்லு காயப்போட்டிருக்கான், உங்க ராக்கெட்டை எங்க பாய் விடப்போறீங்க?' என்று தமிழரசன்கூடக் கிண்டல் செய்திருக்கிறான்.

போன மாதம் ஷஹ்பாஸின் உம்மாவுக்கு நெஞ்சுவலி. கும்பகோணத்து டாக்டர் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். ஷஹ்பாஸ் பொறுக்கவில்லை. என் கார் அதைவிட வேகமாகப் போகும் என்றான்.

பாபநாசம் தாண்டியதும் கார் ஒரு முறை சீறியது. அப்புறம் இழுக்கவே இல்லை. அணைத்துவிட்டு மறுபடி எடுத்தால் கொஞ்ச தூரம் ஓடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திரும்பவும் படுத்துக்கொள்ளும்.

வேறு வண்டி பிடித்து மாற்றும்போதே உம்மாவின் மூச்சு நின்றுவிட்டது.

கார் அங்கேயே ஒரு பெட்ரோல் பங்க்கில் கிடந்தது. நேற்றுதான் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கினார்கள். 'உம்மாவைக் கொன்னது நான்' என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாத ஷஹ்பாஸை, தங்கை சபிஹாதான் பட்டறைக்கு இழுத்து வந்திருந்தாள். அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். காலையில் போன் செய்து அழுதாள்.

"காக்கா ஆத்துப் பாலத்துல போய் நின்னுக்கிட்டே இருக்காங்கண்ணே. பயமா இருக்கு. வேற ஏதாச்சும் காரணம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

வேறு காரணம் இருந்தது.

டர்போவின் அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொள்ள ஒரு கதவு உண்டு. அந்தக் கதவைத் தள்ளித் திறக்கும் காற்று, சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகப் போகிறது. அது கழன்று தொங்கியது. கதவு திறக்கவில்லை, பூஸ்ட் எகிறியது, இஞ்சின் வெடித்துவிடாமலிருக்க கம்ப்யூட்டர் அதன் சக்தியைப் பிடுங்கிக்கொண்டது. ஷஹ்பாஸ் ஏற்றிய பூஸ்ட் ஒரு பாவமும் செய்யவில்லை.

ஹோஸின் முனையைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் இல்லை.

கடைசி சர்வீஸில் அந்த ஹோஸைக் கழற்றியவன் தமிழரசன்தான். கிளிப் கைதவறி எங்கோ விழுந்தது. புதுசு ஒன்று வாங்கிப் போடலாம் என்று, ஹோஸை மட்டும் அழுத்திச் செருகிவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோது வாசலில் வேறொரு வண்டி அவசரம் என்று நின்றது.

"என்னண்ணே தெரியுது?" சபிஹா கேட்டாள்.

"ஒரு நிமிஷம்மா."

உண்மையைச் சொன்னாலே ஷஹ்பாஸ் பிழைத்துவிடுவான். அது தமிழரசனுக்கு நன்றாகவே தெரிந்தது.

ஆனால் நோஸ் பிளையர் அதற்குள் கைக்கு வந்திருந்தது. பானெட் மறைவில் ஹோஸின் முனையைப் பிளையரால் சின்னச் சின்னதாகக் கடித்தான். ரப்பர் துணுக்குகளை ஊதிவிட்டான்.

எலியைத் தேடிப் போய் யாரும் சட்டையைப் பிடிக்கப் போவதில்லை.

"பாய், இங்க வாங்க." ஹோஸைக் கழற்றி ஷஹ்பாஸின் உள்ளங்கையில் வைத்தான். "எலி கடிச்சிருக்கு. நீங்க பூஸ்ட் ஏத்தாம இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். உங்களால இல்ல பாய்."

எலியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

ஷஹ்பாஸ் அந்தக் கறுப்பு ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எலியா?" என்றான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "எலியா?"

பிறகு காரின் மேலேயே கவிழ்ந்து, தோள் குலுங்க அழுதான். உம்மா போனபோதுகூட அவன் இப்படி அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அழுது முடித்துக் குழாயடியில் முகம் கழுவினான். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எதிர்க்கடைக்கு நடந்தான்.

சபிஹா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது.

"எலி எங்கேருந்துண்ணே வந்திருக்கும்?"

"வயக்காட்டு எலிம்மா. அறுப்பு முடிஞ்சா வீட்டுப் பக்கம் வரத்தானே செய்யும்."

"இல்லண்ணே." குரல் இறங்கியது. "நெல்லு ஈரமா இருக்குன்னு கொள்முதல்ல எடுக்கல. மழை வேற. காக்கா ரயில்ல சென்னைக்குப் போயிருந்தாங்க. நான்தான் மூட்டையெல்லாம் கார் ஷெட்டுல அடுக்கச் சொன்னேன். அவங்க வர்றதுக்குள்ள எடுத்துட்டேன். அதுக்கு அடுத்த வாரம்தான் உம்மாவுக்கு..."

தமிழரசன் வாயைத் திறந்தான். 'கிளிப்' என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

எதிர்க்கடையில் ஷஹ்பாஸ் டீ மாஸ்டரிடம் ஏதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் அவன் தோளைத் தட்டினார்.

"காக்காவுக்குத் தெரிய வேணாம்ணே. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேம்மா."

சபிஹா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும்ணே" என்றாள்.