ஏழாம் கூண்டு

மாத்தூர் ஆய்வுக்கூடத்தில் பத்து முயல்களுக்கும் காலராக் கிருமி கொடுத்து மூன்று நாளாகியிருந்தது. தடுப்பூசி போட்ட ஐந்தும் பிழைத்தன. போடாத ஐந்தில் நான்கு செத்துவிட்டன. ஏழாம் கூண்டு முயல் மட்டும் கீரை தின்றுகொண்டிருந்தது.

“இது எப்படிப் பிழைச்சுது?” கூண்டு கழுவும் கன்னியம்மாவிடம் கேட்டார் டாக்டர்.

“நான்தான் சார் உப்பும் சக்கரையும் கலந்து தண்ணி குடுத்தேன்.”

“மொத்த ஆராய்ச்சியும் பாழ்! முயல் மேல அவ்வளவு பாசமா?”

“பாசம் இல்ல சார். காலி பாட்டிலை நக்கிகினே கெடந்துச்சு. அந்தச் சத்தம் நாலு வருசமா எங் காதுல கீது.”

“நாலு வருஷமாவா?”

“எம் பொண்ணு ஷாலு, கடைசி நாளு காலி சொம்பை நக்கிகினே இருந்தா. வயித்தால போவும்போது தண்ணி குடுத்தா இன்னும் போவும்னு, நான்தான் அந்தச் சொம்பையும் புடுங்கிக் கவுத்து வெச்சேன்.”