பின்வீல் நட்டு

டர்ட் பைக்கின் பின்வீல் நட்டை, பெட்டரியில் ஓடும் நட்டு இறுக்கும் கன்னால் ஓட்டிவிட்டு, கடைசி இறுக்கை எப்போதும் கையால்தான் கொடுப்பேன். அன்றைக்கு அதை மறந்துவிட்டேன். மஹய்யாவயில் இருக்கும் என் கராஜில் கன்னின் பெட்டரியைக் கழற்றிச் சார்ஜரில் செருகும்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் பைக்கைத் தூரத்து மடுல்கெல்லைக்குக் கொண்டுபோயிருந்த அதன் சொந்தக்காரன் லோகேஸ்வரனுக்குப் போன் எடுத்தேன்.

“தம்பி, ஓட்டாதீங்க. பின்வீல் நட்டு சரியா இறுகல.”

“என்னண்ணே, இப்பத்தானே வந்து இறுக்குனீங்க?”

“நான் கராஜுல நிக்கிறேன்.”



“அப்ப இங்க டீ குடிக்கிறது யாரு?” என்றவன், போனை யாரிடமோ கொடுத்தான்.

அந்தப் பக்கத்தில் என் குரலே பேசியது.

“கையாலயும் இறுக்கிட்டேன், பயப்படாதீங்க. பெட்டரிய நான்தான் எடுத்துக்கிட்டு வந்தேன்.”

திரும்பிப் பார்த்தேன். சார்ஜர் காலியாக இருந்தது.