ஒரு வரி மனப்பாடம்

“மைசெல்ஃப் செலின் மேரி…”

“ஐய, அது வேணாம்க்கா. உம் பேரு உன் மருமகளுக்குத் தெரியாதா? நேரா விஷயத்துக்கு வா. ஐ யாம் அஷேம்டு ஆஃப் மைசெல்ஃப். என்னை நெனச்சா எனக்கே வெக்கமா இருக்குன்னு அர்த்தம்.”

“அஷேம்டு… ஆஃப்… மைசெல்ஃப். ஆனி, கொழம்பு அடிப்பிடிக்குதா பாரு. வாணாம், நீ இரு, நானே பாக்கறேன்.”

செலின் மேரி அடுப்படிக்கு ஓடினாள். அங்கிருந்து வாசலுக்கு. வில்லியனூர்ப் பக்கமிருந்து வரும் சாலையில் கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டரைத் தவிர ஒன்றும் இல்லை. அது கார் இல்லை என்பதற்காக அதை முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். காலையில் பூசைக்குப் போய் வந்ததிலிருந்து இதே ஓட்டம்தான்.

பக்கத்து வீட்டு ஆனி மேரி நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். எவ்வளவு வாலுப் பிள்ளையையும் ஓர் இடத்தில் உட்கார வைத்துவிடுவாள். இந்த அக்காவிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

“ஏன்க்கா இப்படிக் கஷ்டப்படற? நீ தமிழ்ல சொல்லு. பிரிட்டோ அவளுக்கு இங்கிலீஷ்ல சொல்லிடுவான்.”

“வாணாம். திட்டினது என் வாயி. மன்னிப்பும் என் வாயாலதான் கேக்கணும். இன்னிக்கு அவ மனசு ஆறலன்னா, இனிமே இந்த வூட்டுப் படி ஏறுவாளா? என் புள்ளையத்தான் ஏற வுடுவாளா?”

லண்டனில் வேலை பார்க்கும் பிரிட்டோ, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல், பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அந்த ஊர்ப் பெண் ஹெலனைப் பதிவுத் திருமணம் செய்து, நேராக அழைத்துவந்து நிறுத்தினான். ஆத்திரத்தில் செலின் மேரி மருமகளைப் பார்த்து ஒன்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் இருவரும் வருகிறார்கள்.

“அப்படி இன்னாதான்க்கா சொன்ன?”

“கேக்காதடி. நாயக்கூட யாரும் அப்படி வெரட்ட மாட்டாங்க. சொல்லிட்டு ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கினேன். சாயங்காலம் வெளிய வந்து பாத்தா ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க. மீன் கொழம்பு மட்டும் காலியா இருந்திச்சு. பிரிட்டோ பசி தாங்க மாட்டான், அவன் தின்னிருப்பான். அந்தப் பொண்ணு பட்டினியாத்தான் போயிருக்கும்.”

செலின் மேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லியாகிவிட்டது. சாமியார் மன்னித்துவிட்டார். ஆனாலும் வீட்டுக்கு வந்த பெண்ணைப் பட்டினி போட்டு அனுப்பியது ராத்திரி பகலாக அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

ஆனி மேரி பேச்சை மாற்றினாள். “சரி, சாப்பிட உக்காந்ததும் சொல்றதுக்கு ஒண்ணு. ஹெல்ப் யுவர்செல்ஃப். வேணுங்கறத நீயே எடுத்துக்கோன்னு அர்த்தம்.”

செலின் மேரியின் முகம் சட்டென்று கறுத்தது. “அது மட்டும் வாணாம்.”

“ஏன்க்கா?”

“வூட்டுக்கு வந்தவங்களப் பாத்து யாருனா அப்படிச் சொல்லுவாங்களா? அதுக்கு எழுந்து போன்னே சொல்லிடலாம். நான்தான் பரிமாறுவேன். போதும் போதும்னு அவ கையக் குறுக்கக் காட்டணும், அப்பவும் ஒரு கரண்டி வெக்கணும்.”

“அவங்க ஊர்ல அதுதான்க்கா மரியாதை. கூச்சப்படாத, இது உன் வூடுன்னு சொல்ற மாதிரி.”

“இன்னா ஊரோ, இன்னா மரியாதையோ! நீ மைசெல்ஃப மட்டும் சொல்லிக் குடு.”

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. அதுவரை படித்த இங்கிலீஷ் மொத்தமும் அந்தச் சத்தத்திலேயே செலின் மேரியை விட்டுப் பறந்துபோனது.

ஹெலன் சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு பெட்டியுடன் காரைவிட்டு இறங்கியவளை, செலின் மேரி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

“ஐ… ஐ யாம்… மை…”

அதற்கு மேல் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஹெலன் பதறிப்போய் மாமியாரை அணைத்தபடி உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பெட்டியைத் திறந்து, லண்டனிலிருந்து தன் கையால் செய்து எடுத்துவந்த ப்ளம் கேக்கை மேசைமேல் வைத்தாள். பிறகு ஆனி மேரியைப் பார்த்து இங்கிலீஷில் மடமடவென்று ஏதோ சொன்னாள்.

பிரிட்டோ வியர்த்துப்போய்க் குறுக்கே வந்தான். “ஹெலன், நோ! இப்ப வேணாம்!”

“இன்னாடி சொல்றா?” செலின் மேரி ஆனியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அன்னிக்கு நீ சொன்னியே ஒரு வார்த்தை, அத இவ இன்னும் மறக்கலியாம்.”

செலின் மேரி கண்களை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

“வந்த மொத நாளே, சொந்தப் பொண்ணா நெனச்சு அப்படிச் சொன்னியாம்க்கா. பிரிட்டோதான் அர்த்தம் சொன்னானாம். மீன் கொழம்பக் காலி பண்ணினதே இவதானாம். அந்த வார்த்தைய இப்ப உனக்குத் திருப்பிச் சொல்லணும்னு ஆசை ஆசையா மனப்பாடம் பண்ணிக்கினு வந்திருக்கா.”

பிரிட்டோ தரையைப் பார்த்தான். ஹெலன் கேக்கை மாமியாரின் பக்கமாக நகர்த்தி வைத்து, இரண்டு கைகளையும் கூப்பி, முகமெல்லாம் சிரிப்பாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

“வேணும்னா… நீயே… போட்டுத் தின்னுடி!”