துணைக்கு இருந்தவர் பெயர்

அந்த அலுவலகத்தில் இருவர் சேர்ந்து எழுதிய நிரலைக் கமிட் செய்து பொதுத் தொகுப்பில் சேர்க்கும்போது, என்ன மாற்றினோம் என்று எழுதும் குறிப்பின் அடியில் துணைக்கு இருந்தவர் பெயரையும் போடுவார்கள். ஆறு வருடங்களாக ரியாஸின் கமிட்டுகளுக்கு அடியில் ஜெசிந்தாவின் பெயர் இருந்தது. மார்ச்சிலிருந்து அங்கே ஏஐ உதவியாளரின் பெயர் இருக்கிறது.

காலையில் வந்ததும் அவள் முதலில் திறந்து பார்ப்பது அவன் கமிட்டுகளைத்தான். நேற்று மட்டும் பதினேழு. அவளோடு உட்கார்ந்த நாட்களில் மூன்றைத் தாண்டியதில்லை. டீ குடிக்க எழுந்து போகாத ஒன்றோடு வேலை செய்தால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். ஏதாவது பிழை அகப்படாதா என்று ஒவ்வொன்றாகப் படித்தவள் ஏழாவதில் நின்றுவிட்டாள்.

“தேதியைத் தொட்டால் அச்சுப் பக்கம் கோபித்துக்கொள்கிறது. சமாதானம் செய்திருக்கிறேன்.”

நிரலுக்குக் கோபம் வருவதாக அங்கே அவள் ஒருத்திதான் எழுதுவாள்.

அவன் மேசைக்குப் போய் நின்றாள். “ஏழாவது குறிப்பு யாரு எழுதினது?”

“ஏஐதான். முதல்ல ரொம்ப வறட்டுத்தனமா எழுதிட்டிருந்துச்சு. உன் பழைய குறிப்பையெல்லாம் குடுத்து, இந்த மாதிரி எழுதுன்னு சொன்னேன்.” அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நல்லாருக்குல்ல?”

அவள் தன் இடத்துக்கு வந்தாள். மதியம்வரை தனியாக உட்கார்ந்து ஒரு பிழையைச் சரிசெய்து, நெடுநேரம் யோசித்து ஒரு குறிப்பு எழுதிக் கமிட் செய்தாள்.

சற்று நேரத்தில் ரியாஸ் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினான்.

“நீயும் குறிப்ப ஏஐகிட்டயே விட்டுட்டியா ஜெசி? அப்படியே உன்ன மாதிரியே எழுதியிருக்கு.”