கட்டைவிரல் வைத்த நேரம்

மணப்பெண் அழுதுகொண்டே மூன்றாவது முறையாகக் கட்டைவிரலை ரேகை மெஷினில் வைத்தாள். அடுத்த நொடி திரை முழுக்க நீலமாகி, திருமணப் பதிவு அலுவலகத்தின் ஒரே கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது.

"என் பையன் விரல் வச்சான், கம்முனு வாங்கிக்கிச்சு. இவ வச்சா மட்டும் சாகுது," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "கை ராசி அப்படி."

பெண்ணுக்கு அவள் அத்தை. பத்து வயதிலிருந்து எடுத்து வளர்த்தவள். அதை ஒரு நாளைக்கு நாற்பது முறைக்கு மேல் சொல்லிக்காட்ட மாட்டாள், அவ்வளவு நல்ல மனசு.

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி நாலே கால். ஐந்துக்கு அலுவலகம் மூடிவிடும். நாளைக் காலை அவனுக்கு விமானம், அடுத்த லீவு மூன்று வருடம் கழித்து.

"அழாத," என்றான் பெண்ணிடம். "போட்டோல மூஞ்சி வீங்கித் தெரியும்."

அப்போதுதான் கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து சேர்ந்தார். குமாஸ்தா அவரைக் கட்டிப்பிடிக்காத குறையாக உள்ளே இழுத்தார். அதற்குள் பெண் குறுக்கே வந்து நின்றாள்.

"அண்ணா, இன்னிக்கே சரியாகிடுமா? உண்மையைச் சொல்லுங்க."

அந்தக் குரலில் இருந்த தவிப்புக்கு இரும்பு பீரோவே உருகி ஓடியிருக்கும். மெக்கானிக் வெறும் மனிதர், நின்ற இடத்திலேயே அரைக் கிலோ இளைத்தார்.

"சரி பண்ணாம எழுந்திருக்க மாட்டேம்மா. என் சொந்தத் தங்கச்சி கல்யாணம்னு நெனச்சுக்கறேன்."

பாவம், அவள் கண்ணில் புதிதாக இரண்டு குடம் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"கெர்னல் விழுந்திருக்கு," என்றார் மெக்கானிக், குமாஸ்தாவிடம். "அது மேஸ்திரி மாதிரி சார். உள்ள இருக்கிற அத்தனை பேருக்கும் வேலை பிரிச்சுக் குடுக்கிற ஆள். அவரே மயங்கி விழுந்தா வேலை மொத்தமும் போச்சு."

விழும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு மரண வாக்குமூலம் எழுதிவைத்துவிட்டுத்தான் சாகும். மூன்றையும் திறந்து படித்தார். முதலாவது கேமராவைக் குற்றம் சொன்னது, அடுத்தது பிரிண்டரை, மூன்றாவது ஹார்டு டிஸ்க்கை.

கேமராவுக்கான மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினார். மாப்பிள்ளை படம், மாப்பிள்ளை விரல், பெண் படம் எல்லாம் முடிந்தன. பெண் விரல் வைத்தாள். நீலம்.

"நான் சொல்லல?" என்றாள் அத்தை. அவள் பெருமூச்சில் மேஜைமேல் இருந்த விண்ணப்பங்கள் பறந்து அடுத்த அறைக்கே போய்விட்டன.

பெண் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து பிரிக்காமல் வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தாள். சிலருக்குத் துக்கம் முற்றினால் பசிக்கும்.

மணி நாலு முப்பத்தைந்து. நாலாவது வாக்குமூலம் பழியை இணைய இணைப்பின்மேல் போட்டிருந்தது. மெக்கானிக் தாடையைச் சொறிந்தார்.

"நாலு தடவைக்கு நாலு பேர் மேல பழி. அப்போ நாலு பேருமே நிரபராதி சார். மெமரிலதான் ஓட்டை. இங்க புதுசா எதையாவது மாட்டினீங்களா?"

"நேத்து புது கேமரா வந்துது. படம் ஒவ்வொண்ணும் யானை சைஸ்ல வருது," என்றார் குமாஸ்தா. "அதுல மாட்டின முதல் ஜோடி இவங்கதான்."

"பார்த்தீங்களா. மாப்பிள்ளை சமாச்சாரம் எல்லாம் முதல் மெமரி குச்சியிலயே அடங்கிடுது. பொண்ணு முறை வரும்போது அது நெறஞ்சு ரெண்டாவது குச்சிக்குப் போகுது. போனதும் சாவு."

பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த தூசியில் ஒரு குடும்பம் விவசாயம் செய்யலாம். இரண்டாவது குச்சியைப் பிடுங்கி, பென்சில் ரப்பரால் அதன் மஞ்சள் பற்களை வெள்ளி ஸ்பூன் மாதிரி தேய்த்து மீண்டும் செருகினார். குமாஸ்தாவை உட்காரவைத்துப் படமும் ரேகையும் எடுத்தார். இரண்டாவது முறையே நீலம்.

குச்சியை ஒரேயடியாகப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். இப்போது கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஆனால் குமாஸ்தா ஒன்பது முறை விரல் வைத்தும் விழவில்லை. பெண் சுவரோரம் நின்று ஒவ்வொரு விரலையும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி நாலு ஐம்பது.

"அதிகாரியைக் கூட்டிட்டு வரேன்," என்று குமாஸ்தா மாடிக்கு ஓடினார். சாட்சிகள் எதிர் டீக்கடையில் இருந்தார்கள். அவர்களைப் பிடித்துவர அத்தையும் மாப்பிள்ளையும் வாசலுக்கு ஓடினார்கள். அத்தை ஓடியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அறையில் மெக்கானிக்கும் பெண்ணும்தான் மிச்சம். அவர் பெட்டியின் மூடியைக் கையில் எடுத்தார். உலகக் கோப்பையை வென்றவர்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

"உன் கைமேல ஒரு தப்பும் இல்ல தங்கச்சி. எல்லாம் இந்தக் குச்சி பண்ணின வேலை. இனிமே கம்ப்யூட்டர் விழவே விழாது."

பெண் வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து, அவர் காதருகே சொன்னாள்.

"திருப்பி அந்தக் குச்சியையே மாட்டிடுங்கண்ணா."